டிஸ்க்கை நகலெடுக்க எந்த மென்பொருள்? புதியவர்களுக்கு ஒரு செய்முறை

ஐப்பசி மழையில் கோத்தகிரிப் பக்கம் லைன் மேல் மரம் விழுந்து கரண்ட் போவது வழக்கம்தான். அன்றைக்குப் போனது, வந்தது, திரும்பப் போனது. மூன்றாவது முறை வந்தபோது எங்கள் ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க் ‘டிக் டிக்’ என்று சத்தம் போட்டது, விண்டோஸ் திறக்கவில்லை.

பேக்கப் இருந்தது. வெளி டிஸ்க்கில் பெரிய கோப்பாகப் பத்திரமாக இருந்தது. ஆனால் அந்தக் கோப்பைத் திறக்கும் மென்பொருள் செத்துப்போன டிஸ்க்குக்குள் மாட்டிக்கொண்டது. இரண்டு நாள் கடை முடங்கியது. அன்று முதல் எந்த பேக்கப் மென்பொருளைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: விண்டோஸே திறக்காத கம்ப்யூட்டரில், ஒரு பென்டிரைவை மட்டும் செருகி இதை ஓட்ட முடியுமா?

படி 1: குளோனா, இமேஜா?

ஒரு டிஸ்க்கில் இருப்பதை அப்படியே இன்னொரு டிஸ்க்கில் இறக்குவது குளோன். பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) போடுகிறவர்களுக்கு இது போதும். மொத்த டிஸ்க்கையும் சுருக்கி ஒரு கோப்பாக வெளி டிஸ்க்கில் வைப்பது இமேஜ். போன வாரத்தது, இந்த வாரத்தது என்று பலவற்றை வைத்துக்கொள்ளலாம். கணக்கு வழக்கு இருக்கிற கம்ப்யூட்டருக்கு இமேஜ்தான் சரி.

படி 2: டிஸ்க் நலமா?

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து பாருங்கள். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை காட்டினால், போட்டோ, ஆவணங்களை முதலில் வெளியே எடுத்துவிட்டு அப்புறம் மற்றதைத் தொடுங்கள்.

உயரத்தில் இருப்பதால் டிஸ்க் சீக்கிரம் கெடுமா என்று சிலர் கேட்கிறார்கள். சாதாரண ஹார்டு டிஸ்க்குகள் சுமார் 3,000 மீட்டர் வரை இயங்கும்படி செய்யப்பட்டவை. தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். நம் ஊரில் டிஸ்க்குக்கு எதிரி ஈரமும் கரண்ட்டும்.

படி 3: மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது

பழைய வீடியோக்கள் பல மேக்ரியம் ரிஃப்ளெக்ட் இலவசப் பதிப்பைச் சொல்லும். அதற்கான ஆதரவு 2024 ஜனவரி 1-உடன் நின்றுவிட்டது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதைத் தேட வேண்டாம். ஏ.ஓ.எம்.இ.ஐ. பேக்கப்பரின் இலவசப் பதிப்பு இமேஜ் எடுக்கும், ஆனால் விண்டோஸ் இருக்கிற டிஸ்க்கை குளோன் செய்யப் பணம் கேட்கும். பாதி வழியில் தெரிந்தால் எரிச்சலாக இருக்கும்.

ஒரே ஒரு முறை எஸ்.எஸ்.டி. மாற்றத்தான் வேண்டும் என்றால், வாங்கிய டிஸ்க்கின் கம்பெனித் தளத்தை முதலில் பாருங்கள். குருஷியல், வெஸ்டர்ன் டிஜிட்டல் டிஸ்க் வாங்கியவர்களுக்கு அக்ரோனிஸின் ஒரு பதிப்பு இலவசமாகக் கிடைக்கிறது. சாம்சங்குக்குத் தனி மென்பொருள் உண்டு.

வாரா வாரம் தானாக இமேஜ் எடுக்க வீம் ஏஜென்ட் அல்லது ஹாஸ்லியோ பேக்கப் சூட், இரண்டிலும் இலவசப் பதிப்பு இருக்கிறது. விண்டோஸ் திறக்காதபோது கம்ப்யூட்டரைத் திறக்க உதவும் மீட்புப் பென்டிரைவும் செய்துகொள்ளலாம்.

நான் கடையில் நம்புவது குளோன்ஸில்லா. தைவான் நாட்டு உயர்திறன் கணிமை மையத்தில் உருவான திறமூல மென்பொருள். பென்டிரைவிலிருந்தே ஓடுவதால் என் கேள்விக்கு அதன் பதில் எப்போதும் ‘ஆமாம்’. நீலத் திரையில் எழுத்து மட்டும் இருக்கும். அது பயமாக இருந்தால் ரெஸ்கியூஸில்லா போடுங்கள். மவுஸால் சொடுக்கலாம், குளோன்ஸில்லா எடுத்த இமேஜையும் அது திறக்கும்.

படி 4: அளவு

இதில்தான் நிறையப் பேர் இடறுகிறார்கள். பழைய டிஸ்க் 500 ஜி.பி., விண்டோஸில் 465 என்று தெரியும். புது எஸ்.எஸ்.டி. 480 ஜி.பி., அது 447 என்று தெரியும். உள்ளே 100 ஜி.பி. மட்டுமே நிரம்பியிருந்தாலும், புதியது சிறியது என்று குளோன்ஸில்லா நின்றுவிடும். ஊட்டிக்கோ கோயம்புத்தூருக்கோ போய் வாங்கும்போதே 500, 512 அல்லது அதற்கு மேல் பார்த்து வாங்குங்கள்.

படி 5: நகலெடுப்பது

விண்டோஸ் 11-இல் பிட்லாக்கர் என்ற வசதியால் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கலாம். பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டு, குளோன் எடுக்கும்வரை அந்தப் பூட்டை நீக்கிவிடுங்கள்.

டெஸ்க்டாப் என்றால் யூ.பி.எஸ். கட்டாயம். மழை பெய்யாத காலையில் தொடங்குங்கள். குளோன்ஸில்லா போட்ட பென்டிரைவைச் செருகி, கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் டெல், லெனோவோவில் எஃப்12, எச்.பி.யில் எஃப்9 தட்டினால் பென்டிரைவைத் தேர்ந்தெடுக்கலாம்.

குளோன்ஸில்லா முதலில் கேட்பது எடுக்கும் டிஸ்க், அடுத்துக் கேட்பது இறக்கும் டிஸ்க். திரையில் எஸ்.டி.ஏ., எஸ்.டி.பி. என்று பெயர் வரும். அதை நம்ப வேண்டாம், பக்கத்தில் இருக்கிற கம்பெனிப் பெயரையும் அளவையும் படியுங்கள். மாற்றிக் கொடுத்தால் காலி டிஸ்க் உங்கள் டிஸ்க்கின் மேல் ஏறி எல்லாம் அழிந்துவிடும். அது ‘ஒய்’ தட்டச் சொல்லி மறுபடி மறுபடி கேட்கும். ஒவ்வொரு முறையும் கையை எடுத்துவிட்டு இன்னொரு தரம் படியுங்கள்.

குளோன் முடிந்ததும் மெஷினை அணைத்து, பழையதைக் கழற்றிவிட்டுத்தான் புதியதில் திறக்க வேண்டும். இரண்டும் ஒரே அடையாளத்தோடு இருப்பதால் விண்டோஸ் குழம்பும்.

படி 6: திறந்து பார்ப்பது

இமேஜ் எடுத்தவர்கள் அன்றைக்கே மீட்புப் பென்டிரைவைச் செருகி, அதிலிருந்து கம்ப்யூட்டரைத் திறந்து, வெளி டிஸ்க்கில் இருக்கிற இமேஜ் அதன் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் பென்டிரைவில் தேதி எழுதி ஒட்டி, வெளி டிஸ்க்கோடு சேர்த்து மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வையுங்கள். கடை கம்ப்யூட்டர் என்றால் டப்பா வீட்டில் இருக்கட்டும்.