நாதஸ்வரம் வாசிப்பவர் உதட்டுக்கு எந்த லிப் பாம்?

நாதஸ்வரம், கிளாரினெட் வாசிப்பவர்கள் லிப் பாம் வாங்குமுன் பின்பக்க எழுத்தைப் படியுங்கள். மெந்தால், கற்பூரம், வாசனைப் பொருள் இருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊர்களில் மளிகைக் கடையிலேயே கிடைக்கிற வெறும் பெட்ரோலியம் ஜெல்லி போதும், விலையும் குறைவு.

மெந்தால் பூசியதும் குளுகுளுவென்று இருக்கும், ஆனால் வறண்ட உதட்டை எரிக்கும். எரிந்தால் நாக்கால் தடவுவோம். எச்சில் காயக் காய உதடு இன்னும் வறளும். ஜெல்லி அப்படியில்லை, உதட்டின் ஈரம் வெளியேறாமல் மூடி வைக்கும்.

இரவு படுக்கும்போது தாராளமாகப் பூசுங்கள். வாசிக்க உட்காரும்போது மட்டும் ஈரத்துணியால் நன்றாகத் துடைத்துவிட வேண்டும். இது முக்கியம்: ஜெல்லிப் பிசுக்கு சீவாளியில் (வாயில் வைத்து ஊதும் நாணல் பகுதியில்) ஏறினால் நாணல் தண்ணீரைச் சரியாக இழுக்காது, உதட்டுப் பிடியும் வழுக்கும். நல்ல சீவாளி அமைவது எவ்வளவு பாடு என்று வாசிப்பவர்களுக்குத் தெரியும்.

பகல் வெயிலில் ரதத்துக்கு முன்னால் நடந்து வாசிப்பவர்களுக்கு ஜெல்லி போதாது. எஸ்பிஎஃப் (வெயில் தடுப்பு அளவு) 30 உள்ள பாம் வேண்டும். உதட்டோரம் வெடித்து ஆறாமல் இருந்தாலோ, கொப்புளம் வந்தாலோ கிளினிக்கில் காட்டுங்கள், புண் ஆறும்வரை சீவாளியை யாருக்கும் மாற்றிக் கொடுக்காதீர்கள்.