குற்றாலத்தில் குடும்பத்துடன் தங்க அறை தேடுவோருக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து தமிழ்நாட்டுக்குப் புறப்படும் நம் குடும்பங்கள் குற்றாலத்தில் அறை எடுக்கும்போது, முதலில் கேட்க வேண்டியது வாடகையை அன்று. மலேசியக் கடப்பிதழுடன் வருவோரை ஏற்பார்களா என்பதையே கேட்க வேண்டும். வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் விடுதி அவர்களின் விவரத்தை அரசிடம் பதிய வேண்டியிருப்பதால், சில சிறு விடுதிகள் தயங்கும்.

‘அருவிக்கு அருகில்’ என்றால் எந்த அருவி என்று விசாரியுங்கள். பேரருவி குற்றாலநாதர் கோயிலை ஒட்டியுள்ளது; ஐந்தருவியும் பழைய குற்றாலமும் சில கிலோமீட்டர் தள்ளியிருக்கின்றன.

முதியவர்கள் உடன் வந்தால், தரைத்தள அறையோ மின்தூக்கியோ உண்டா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். சென்ற முறை ஈரச்சேலையுடன் மூன்று மாடி ஏறிய என் தாயார், ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியபோதுகூடக் கால் இப்படி வலித்ததில்லை என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பால்கனிக்குக் கம்பிவலை இருக்கட்டும். குரங்குகள் பிஸ்கட் பொட்டலத்தை மட்டும் எடுத்துச் செல்வதில்லை. வெந்நீர் வரும் நேரத்தையும் கேட்டுவிடுங்கள்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான சாரல் காலத்தில் வெள்ளம் பெருகினால் குளிக்கத் தடை விதிப்பார்கள் என்பதால், பதிவை ரத்து செய்தால் பணம் திரும்புமா என்பதை எழுத்தில் பெறுவது நல்லது. அறை கிடைக்காவிட்டால், சுமார் 5 கிலோமீட்டரில் உள்ள தென்காசியில் தங்கலாம்.