பொது யூனிக்ஸ் சர்வரில் நெட்ஹேக்: ஒருமுறை நிறுவி எல்லோரும் ஆட

எங்கள் ஆய்வகத்து சர்வரில் ஆறு பேர் நெட்ஹேக் ஆடிக்கொண்டிருந்தோம். டெர்மினலில் எழுத்துகளாலேயே வரையப்படும், தளம் தளமாகப் பாதாளத்தில் இறங்கும் ஆட்டம் அது. ஆறு பேரும் அவரவர் ஹோம் டைரக்டரியில் தனித்தனியாகக் கம்பைல் செய்து வைத்திருந்தோம். ஆட்டம் ஓடியது. ஆனால் ஒருவர் எடுத்த மதிப்பெண் இன்னொருவர் கண்ணில் படவில்லை. ஒருவர் செத்த இடம் இன்னொருவர் பாதாளத்தில் வரவும் இல்லை.

இந்த இரண்டாவது குறைதான் பெரிது. நெட்ஹேக்கில் நீங்கள் செத்தால், அந்தத் தளம் அப்படியே 'போன்ஸ்' கோப்பாகச் சேமிக்கப்படலாம். பிறகு வேறொருவர் அதே ஆழத்துக்கு இறங்கும்போது உங்கள் ஆவி அங்கே நிற்கும், உங்கள் பொருட்கள் கீழே கிடக்கும். ஐந்தில் நான்கு பங்கு வாய்ப்பில் ஒவ்வொரு பொருளும் சாபம் ஏறியதாக இருக்கும். முதல் மூன்று தளங்களில் செத்தால் போன்ஸ் விழாது. விழுந்த போன்ஸும் மூன்றில் ஒரு தடவைதான் அடுத்தவருக்கு எடுத்துக் கொடுக்கப்படும். எனவே ஒருவர் மட்டும் ஆடும் சர்வரில் இது அபூர்வம். பத்துப் பேர் ஒரே நிறுவலில் ஆடினால் வாரம் ஒரு தடவையாவது "மேலே ஏழாவது தளத்தில் உன் சங்கிலிக் கவசத்தை எடுத்தேன்" என்று டீக்கடையில் பேச்சு வரும். 1987இல் முதல் பதிப்பு வந்தபோதே இந்த ஆட்டம் பலர் பகிரும் இயந்திரங்களுக்காக எழுதப்பட்டதுதான். அதை அப்படியே ஆட வேண்டும் என்பது என் கட்சி.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் தமிழ் எழுத்தில் தருகிறேன். டெர்மினலில் அவற்றின் ஆங்கில எழுத்துகளை அடியுங்கள். லினக்ஸ், ரூட் (சர்வர் நிர்வாகி) அனுமதி இரண்டும் உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். ரூட் இல்லாதவர்களுக்குக் கடைசியில் ஒரு வழி இருக்கிறது.

படி 1: எந்தப் பதிப்பு

3.6.7. பிப்ரவரி 2023இல் வந்தது. பழைய டார் கோப்பு ஒன்று எங்காவது கிடக்கிறது என்று அதைப் போட்டுவிடாதீர்கள். 3.6.0 முதல் 3.6.3 வரையான பதிப்புகளில், யூசரின் அமைப்புக் கோப்பில் மிக நீளமான வரி இருந்தால் நினைவகம் வழிந்துவிடும் ஓட்டை இருந்தது. டிசம்பர் 2019இல் வந்த 3.6.4 அதை அடைத்தது. தனி லேப்டாப்பில் அது பெரிய ஆபத்து இல்லை. பலர் லாகின் செய்யும் சர்வரில், அதுவும் நாம் கீழே செய்யப்போகும் செட்ஜிஐடி நிறுவலில் (ஆட்டம் ஒரு குரூப்பின் அதிகாரத்தோடு ஓடும் முறை, படி 3இல் வருகிறது), அது நேரடி ஆபத்து. 3.6.7 அடைத்ததும் இதே வகை ஓட்டை ஒன்றைத்தான்.

டெபியனில் 'நெட்ஹேக்-கன்சோல்' என்ற ஆயத்தப் பேக்கேஜ் இருக்கிறது. அது போதும் என்பவர்கள் நேராகப் படி 4க்குப் போகலாம், கோப்புகளின் இடம் மட்டும் மாறும். எனக்கு சோர்ஸிலிருந்து கட்டுவதுதான் பிடிக்கும். எந்தக் கோப்பு எங்கே போகிறது, யாருக்குச் சொந்தம் என்பது கைக்குள் இருக்கும்.

படி 2: கம்பைல்

சி கம்பைலர், மேக், ஃப்ளெக்ஸ், பைசன், என்கர்சஸ் டெவலப்மென்ட் பேக்கேஜ் ஆகியவற்றைப் போட்டுக்கொள்ளுங்கள். டார் கோப்பைப் பிரித்து, சிஸ்/யூனிக்ஸ்/ஹிண்ட்ஸ் டைரக்டரிக்குள் 'லினக்ஸ்' என்ற கோப்பைத் திறவுங்கள்.

அதில் மாற்ற வேண்டியது ஒரே வரி: எங்கே நிறுவுவது என்று சொல்லும் பிரிஃபிக்ஸ். அது உங்கள் ஹோம் டைரக்டரியைச் சுட்டும்படி எழுதப்பட்டிருக்கும். அப்படியே விட்டால், உங்கள் பெயரில் கம்பைல் செய்யும்போது ஹோம் என்பது உங்கள் வீடு. சூடோ போட்டு நிறுவும்போது அது ரூட்டின் வீடாக மாறிவிடலாம். ஆட்டம் ஓர் இடத்தில் தேடும், கோப்புகள் வேறோர் இடத்தில் கிடக்கும். அதனால் /யுஎஸ்ஆர்/லோக்கல் என்று முழுப் பாதையாகவே எழுதிவிடுங்கள்.

பிறகு சிஸ்/யூனிக்ஸ் டைரக்டரியில் நின்று 'எஸ்எச் செட்டப்.எஸ்எச் ஹிண்ட்ஸ்/லினக்ஸ்'. மேலே திரும்பி வந்து 'மேக் ஆல்', அடுத்து 'சூடோ மேக் இன்ஸ்டால்'. ஹிண்ட்ஸ் கோப்பை வைத்துத்தான் செட்டப் மேக்ஃபைல்களை எழுதுகிறது. ஹிண்ட்ஸைப் பின்னால் திருத்தினால் செட்டப்பையும் மறுபடி ஓட்ட வேண்டும். லிங்க் செய்யும் கட்டத்தில் 'டின்ஃபோ' என்ற லைப்ரரி கிடைக்கவில்லை என்று நின்றால், ஹிண்ட்ஸில் அந்தப் பெயர் உள்ள வரியிலிருந்து அதை மட்டும் எடுத்துவிடுங்கள்.

ஆட்டம் இப்போது /யுஎஸ்ஆர்/லோக்கல்/கேம்ஸ்/லிப்/நெட்ஹேக்டிர் என்ற டைரக்டரியில் இருக்கும். இதைக் கீழே 'ஆட்ட டைரக்டரி' என்கிறேன். யூசர்கள் ஓட்டும் சிறு ஸ்கிரிப்ட் /யுஎஸ்ஆர்/லோக்கல்/கேம்ஸில் இருக்கும்.

படி 3: அனுமதிகள்

எனக்கு இரண்டு சாயங்காலங்கள் போனது இங்கேதான்.

நிறுவி முடித்து சூடோவில் ஓட்டிப் பார்த்தேன், ஓடியது. நண்பரைக் கூப்பிட்டேன். அவர் லாகினில் சிஸ்கான்ஃப் (சர்வர் முழுவதற்குமான ஆட்ட அமைப்பு) கோப்பைத் திறக்க முடியவில்லை என்ற ஒற்றை வரியோடு ஆட்டம் நின்றுவிட்டது. கோப்பு நிறுவலில் விடுபட்டுவிட்டது என்று நினைத்து மூன்று தடவை முதலிலிருந்து கட்டினேன். கோப்பு அங்கேயேதான் இருந்தது. 'எல்எஸ் -எல்' அடித்துப் பார்த்திருந்தால் முதல் நிமிடத்திலேயே தெரிந்திருக்கும்: அதன் அனுமதி 0600, உரிமையாளர் ரூட். ரூட்டைத் தவிர யாரும் படிக்கவே முடியாது.

காரணம் அந்த ஹிண்ட்ஸ் கோப்பு. அது ஒருவர் தன் வீட்டில் தனக்கே நிறுவிக்கொள்வதற்காக எழுதப்பட்டது. மாறும் கோப்புகளுக்கு 0600, ஆட்டத்துக்கு வெறும் 0755. உரிமையாளரையும் குரூப்பையும் மாற்றும் கட்டளைகள் இருக்க வேண்டிய இடத்தில் 'ட்ரூ' என்று இருக்கும். 'ட்ரூ' எதுவும் செய்யாமல் வெற்றி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகும் கட்டளை. அதனால் நிறுவலில் ஒரு பிழையும் தென்படாது.

சிஸ்கான்ஃபுக்கு 0644 கொடுத்தேன். அடுத்து மதிப்பெண் கோப்பில் எழுத முடியவில்லை என்ற எச்சரிக்கை வந்தது. பொறுமை இழந்து ஆட்ட டைரக்டரி முழுவதற்கும் 0777 போட்டேன், எல்லோருக்கும் ஆடியது. இதைச் செய்யாதீர்கள். 0777 என்றால் யார் வேண்டுமானாலும் யாருடைய நடப்பு ஆட்டத்தையும் அழிக்கலாம், மதிப்பெண் பட்டியலில் தன் பெயரை எடிட்டரில் எழுதிக்கொள்ளலாம்.

சரியான வழி செட்ஜிஐடி. ஆட்டத்தை யார் ஓட்டினாலும், ஓடும் நேரத்தில் மட்டும் அது 'கேம்ஸ்' குரூப்பின் அதிகாரத்தோடு ஓடும். கோப்புகளை அந்தக் குரூப் மட்டும் எழுதலாம். குரூப்புக்குப் பதில் கோப்பின் உரிமையாளர் அதிகாரத்தோடு ஓட்டும் செட்யூஐடியும் செய்யலாம் என்பார்கள், நான் செய்வதில்லை. அதில் ஆட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தால், உடைத்தவர் கையில் ஆட்டத்தின் உரிமையாளர் அதிகாரமே போய்விடும்.

மேக்ஃபைலிடம் விடாமல் இதைக் கையால் செய்கிறேன். வரிசை முக்கியம்:

முதலில் 'சிஎச்ஜிஆர்பி -ஆர் கேம்ஸ்' என்று ஆட்ட டைரக்டரி முழுவதையும் அந்தக் குரூப்புக்கு மாற்றுங்கள்.

அடுத்து ஆட்ட டைரக்டரிக்கு 0775, அதற்குள் இருக்கும் சேவ் டைரக்டரிக்கு 0770. சேமித்த கோப்பு ஆடியவர் பெயரிலேயே உருவாகும். சேவ் டைரக்டரிக்குள் மற்றவர்களை விட்டால், தன் கோப்பை நகல் எடுத்து வைத்துக்கொண்டு செத்த பிறகு மீட்கலாம். 0770 அதைத் தடுக்கும்.

அங்கே இருக்கும் ரெக்கார்ட், லாக்ஃபைல், எக்ஸ்லாக்ஃபைல், பெர்ம் என்ற நான்கு கோப்புகளுக்கும் 0664. சிஸ்கான்ஃபுக்கு 0644.

எல்லாம் முடிந்த பிறகு, கடைசியாக மட்டுமே, நெட்ஹேக் என்ற பைனரிக்கு 2755.

ஏன் கடைசியாக? ஒரு புரோகிராம் கோப்பின் குரூப்பையோ உரிமையாளரையோ மாற்றினால் லினக்ஸ் அதன் செட்ஜிஐடி பிட்டை அழித்துவிடும். ரூட் மாற்றினாலும் அழிக்கும். முதலில் 2755 போட்டுவிட்டுப் பிறகு குரூப் மாற்றினால், 2 சத்தமில்லாமல் போய் 0755 நிற்கும். என் இரண்டாவது சாயங்காலம் முழுவதும் இதில்தான் போனது. 'எல்எஸ் -எல்' பட்டியலில் குரூப்பின் எக்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் எஸ் இருக்கிறதா என்று பாருங்கள்.

மனிதர்கள் யாரையும் கேம்ஸ் குரூப்பில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் செய்த வேலை அத்தனையும் வீண்.

படி 4: சிஸ்கான்ஃப்

'விசார்ட்ஸ்' வரியில் இருப்பவர்கள் பிழை தேடும் பயன்முறையில் ஆடலாம், கேட்ட பொருளெல்லாம் கிடைக்கும். ரூட், கேம்ஸ் என்றே விடுங்கள். 'ஷெல்லர்ஸ்' யாருக்கும் வேண்டாம். ஆட்டத்துக்குள்ளிருந்து ஷெல்லுக்குப் போக ஒரு தேவையும் இல்லை.

'மேக்ஸ்பிளேயர்ஸ்' 10 என்று இருக்கும். ஒரே நேரத்தில் எத்தனை பேர் என்ற வரம்பு இது. ஓட்டும் ஸ்கிரிப்டிலும் இதேபோல் 20 என்று ஒரு வரம்பு உண்டு. இரண்டில் சிறியதுதான் செல்லும், ஒன்றை மட்டும் ஏற்றிவிட்டு மாறவில்லையே என்று தேடாதீர்கள். உச்ச வரம்பு 25, ஏனென்றால் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஓர் ஆங்கில எழுத்து ஒதுக்கப்படுகிறது.

'பெர்ஸ்-இஸ்-யூஐடி' 1 ஆகவே இருக்கட்டும். மதிப்பெண் பட்டியலில் ஒருவருக்கு 10 இடம் என்ற கணக்கு லாகினை வைத்து நடக்கும், பெயரை மாற்றி மாற்றி ஆடிப் பட்டியலை நிரப்ப முடியாது.

'டம்ப்லாக்ஃபைல்' /டெம்ப்பைச் சுட்டும். ஒருவர் செத்த பிறகு அவர் கையில் என்ன இருந்தது, எப்படிச் செத்தார் என்ற முழு விவரம் அதில் வரும். பல சர்வர்களில் ரீபூட் ஆனால் /டெம்ப் காலியாகிவிடும். ஆட்ட டைரக்டரிக்குள் 0775, கேம்ஸ் குரூப் என்று ஒரு டைரக்டரி உண்டாக்கி இதை அங்கே திருப்புங்கள். புதிதாக ஆடுபவர்கள் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் இல்லை.

படி 5: ஒவ்வொருவர் வீட்டிலும்

ஹோமில் புள்ளிநெட்ஹேக்ஆர்சி என்ற கோப்பு. ஆப்ஷன்ஸ் வரிகளில் கலர், டைம், ஷோஎக்ஸ்பி மூன்றும் போடுங்கள். தானாகப் பொறுக்குவதைப் பொன்னுக்கு மட்டும் வையுங்கள், பிக்கப்டைப்ஸ் $ என்று. இல்லையென்றால் பாறாங்கல் போல் கனக்கும் பொருளையெல்லாம் சுமந்துகொண்டு மெதுவாக நகர்ந்து சாவீர்கள். சுவர்கள் கோடாகத் தெரிய சிம்செட் டெக்கிராஃபிக்ஸ். ஐபிஎம்கிராஃபிக்ஸை யூடிஎஃப்-8 டெர்மினலில் போட்டால் சுவரெல்லாம் குப்பை எழுத்தாகும். நம்பர்பேடைத் தொடாமல் எச், ஜே, கே, எல் விசைகளிலேயே பழகச் சொல்வேன். விஐ எடிட்டருக்கும் அதே விசைகள்தான், கை ஒருமுறை பழகினால் போதும். டெர்மினல் 80க்கு 24க்குக் குறையக் கூடாது.

பின்சேர்க்கை 1: புட்டி என்ற எஸ்எஸ்எச் புரோகிராமிலிருந்து வருபவர்களுக்கு டெக்கிராஃபிக்ஸில் சுவருக்குப் பதில் கியூ, எக்ஸ் என்ற எழுத்துகள் தெரிகின்றன என்று பலர் எழுதினார்கள். புட்டி அமைப்பில் யூடிஎஃப்-8இலும் விடி100 கோடு வரையும் தேர்வு ஒன்று இருக்கிறது, அதை இயக்குங்கள்.

பின்சேர்க்கை 2, மிக முக்கியம்: புதுப் பதிப்பு போடும்போது மறுபடி 'மேக் இன்ஸ்டால்' அடிக்காதீர்கள். அது ஆட்ட டைரக்டரியை முழுவதும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதும். சேமித்த ஆட்டங்கள், போன்ஸ், மதிப்பெண் எல்லாம் போய்விடும். ஒரு வாசகர் சர்வரில் எட்டு மாத ஆட்டங்கள் இப்படிப் போயிருக்கின்றன. அதற்கென்றே 'மேக் அப்டேட்' இருக்கிறது. அதன் பிறகும் படி 3இன் அனுமதிகளை மறுபடி சரிபாருங்கள். இந்த எச்சரிக்கையை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

பின்சேர்க்கை 3: ரூட் இல்லாதவர்களுக்கு. நீங்கள் உறுப்பினராக இருக்கும் எந்தக் குரூப்புக்கும் உங்கள் சொந்தக் கோப்பைச் செட்ஜிஐடி ஆக்கலாம், ரூட் வேண்டாம். உங்கள் ஹோமில் நிறுவி, ஹோமின் மேல் மற்றவர்களுக்கு எக்ஸ் அனுமதி மட்டும் கொடுத்து, அதே வரிசையில் படி 3ஐச் செய்யுங்கள். அந்தக் குரூப்பில் இருக்கும் மற்றவர்களும் கோப்புகளில் எழுத முடியும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் ஆட வேண்டும். எல்லாம் சரியாகச் செய்தும் எழுத முடியவில்லை என்றால் 'மவுண்ட்' கட்டளையின் வெளியீட்டில் /ஹோம் வரியைப் பாருங்கள். 'நோசூயிட்' என்று இருந்தால் அந்த டிஸ்க்கில் செட்ஜிஐடி பிட்டைக் கெர்னல் மதிக்காது. நிர்வாகியிடம் வேறு இடம் கேட்பதுதான் வழி.

பின்சேர்க்கை 4: நிறுவிய பிறகு ஆட்ட டைரக்டரியை வேறு இடத்துக்கு நகர்த்தி, ஸ்கிரிப்டில் பாதையை மட்டும் மாற்றிய ஒருவருக்கு எழுத முடியாத பிழை திரும்பி வந்தது. கம்பைல் செய்தபோது பதிந்த பாதை அல்லாத வேறு டைரக்டரியைக் கொடுத்தால், பாதுகாப்புக்காக ஆட்டம் தன் கேம்ஸ் அதிகாரத்தைத் தானே துறந்துவிடும். நகர்த்த வேண்டுமென்றால் பிரிஃபிக்ஸை மாற்றி மறுபடி கட்டுங்கள்.

பின்சேர்க்கை 5: இணைப்பு அறுந்தால் ஆட்டம் போய்விடுமா என்று கேட்கிறார்கள். எஸ்எஸ்எச் அறுந்தால் ஆட்டம் தானே சேமித்துக்கொள்ளும். சர்வரே மின்சாரம் இல்லாமல் விழுந்தால்தான் சிக்கல். அப்போது ஆட்ட டைரக்டரியில் 'ஏலாக்' என்று தொடங்கும் கோப்புகள் மிஞ்சியிருக்கும், இரண்டாவது ஆட்டமானால் 'பிலாக்'. அவற்றை அழிக்காதீர்கள். யாரும் ஆடவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அங்கேயே இருக்கும் 'ரிகவர்' புரோகிராமை 'ஏலாக்' என்ற பெயர் கொடுத்து ஓட்டுங்கள். அது சேவ் கோப்பாகச் சேர்த்துத் தரும். ரூட்டாக ஓட்டினால் அந்தக் கோப்பு ரூட் பெயரில் நிற்கும், ஆடியவர் பெயருக்கும் கேம்ஸ் குரூப்புக்கும் மாற்றிக் கொடுத்துவிடுங்கள்.