கோலாலம்பூரில் பிரசவமா? அறை வாடகையோடு இதையும் விசாரியுங்கள்

வேலை பெர்மிட்டில் வந்த குடும்பங்கள் பெரும்பாலும் தனியார் மருத்துவமனைக்குத்தான் போகின்றன. அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவருக்கு மானியம் கிடையாது, முன்பணமும் கட்ட வேண்டும். அதனால் தனியாரே தேவலாம் என்று முடிவெடுப்பதில் தப்பில்லை. ஆனால் பேக்கேஜ் என்ன விலை, தனி அறையா என்று துருவித் துருவிக் கேட்பவர்கள், தாய்ப்பாலுக்கு அங்கே என்ன வழக்கம் என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை.

கேட்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 1991-ல் தொடங்கிய, தாய்ப்பாலை ஆதரிக்கும் குழந்தை நேய மருத்துவமனைத் திட்டத்துக்குள், 1998-க்குள்ளேயே மலேசியா தன் அரசு மருத்துவமனைகள் எல்லாவற்றையும் கொண்டுவந்துவிட்டது. தனியாரில் இடத்துக்கு இடம் வழக்கம் மாறும்.

ஏழாம், எட்டாம் மாதச் செக்கப்பிலேயே பேச்சை எடுங்கள். பிறந்ததும் பிள்ளையைத் துடைத்து அம்மாவின் வெறும் நெஞ்சில் போடுவார்களா? குறைந்தது ஒரு மணி நேரம் அப்படியே விட வேண்டும். பிள்ளை நன்றாக இருந்தால் எடை பார்ப்பது அதுவரை காத்திருக்கலாம். முதுகில் ஊசி போட்டுச் சிசேரியன் செய்தாலும், அம்மா விழித்திருப்பதால் இதைச் செய்ய முடியும். அடுத்தது, ராத்திரி பிள்ளை எங்கே இருக்கும்? "அம்மா நல்லா தூங்கட்டும்" என்று தாதிகள் நர்சரிக்குத் தூக்கிப் போவது நல்ல மனசோடுதான். ஆனால் அங்கே பிள்ளை அழுதால் புட்டிதான் வாய்க்கு வரும். உங்கள் பக்கத்திலேயே தொட்டில் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். மலாய் தாதியிடம் "சூசூ பாடான் சாஹாஜா" என்றால் போதும், தாய்ப்பால் மட்டும் என்று புரிந்துகொள்வார்.

முதல் இரண்டு நாள்தான் வீட்டில் கலவரம். சீம்பால் மஞ்சளாக, பிசுபிசுவென்று, ஒரு தடவைக்கு டீஸ்பூன் கணக்கில்தான் வரும். பார்க்க வந்த பெரியவர்கள் "பாலே ஊறலையே" என்பார்கள். புதிதாகப் பிறந்த வயிற்றுக்கு அது போதும். பிள்ளை வாயை அகலத் திறந்து, காம்பை மட்டுமில்லாமல் சுற்றியுள்ள கருவட்டத்தையும் கவ்வுகிறதா என்று தாதியைப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். காம்பை மட்டும் சப்பினால் புண்ணாகும், பாலும் இறங்காது. நாளுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை கொடுக்க, மூன்று நான்கு நாளில் மார்பு கனத்துவிடும். போதுகிறதா என்பதை அழுகையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஒரு வாரம் ஆகும்போது நாளுக்கு ஆறு டயப்பராவது நனைந்தால் கவலையில்லை.

ஊரிலிருந்து வரும் அம்மாவிடம் விமானம் ஏறும் முன்பே இரண்டு விஷயம் பேசிவிடுங்கள். சேனை என்று தேனோ சர்க்கரைத் தண்ணீரோ நாக்கில் வைக்கக் கூடாது. ஒரு வயது வரை தேன் ஆபத்து. இரண்டாவது, பிள்ளையைச் சுற்ற டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து வரும் பழைய வேட்டித் துணி. அதில் அந்துருண்டை வாசனை இருந்தால் வேண்டவே வேண்டாம். இங்கே பிறக்கும் பிள்ளைகளுக்குத் தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அது உள்ள பிள்ளைக்கு அந்துருண்டை பட்டால் ரத்த அணுக்கள் உடைந்து காமாலை கடுமையாகும்.

காமாலை பலருக்கும் வரும். காலை வெயிலில் காட்டுவது வைத்தியமில்லை, இங்குள்ள டாக்டர்களும் அதை ஒத்துக்கொள்வதில்லை. நீல விளக்கின் கீழ் வைத்தாலும் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்; பால் குடித்து மலம் போகப் போகத்தான் மஞ்சளும் வெளியேறும்.

பக்கத்திலுள்ள கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசு சுகாதார நிலையத்தில், பிரசவத்துக்குப் பின் தாதி வீட்டுக்கு வருவாரா, நீங்கள் பதிய என்னென்ன வேண்டும் என்று முன்பே விசாரித்து வையுங்கள். பத்தியச் சாமான் கோலாலம்பூரின் இந்தியக் கடைப்பகுதியான பிரிக்ஃபீல்ட்ஸில் கிடைக்கும், ஊரிலிருந்து சுமக்க வேண்டியதில்லை.

2023 ஜனவரியிலிருந்து மகப்பேறு விடுப்பு 98 நாள், கணவருக்கு 7 நாள். ஆனால் கணவர் ஒரே முதலாளியிடம் 12 மாதமாவது வேலை பார்த்திருக்க வேண்டும். பிரசவத் தேதிக்கு 30 நாள் முன்பே, முடியாவிட்டால் பிறந்ததும் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், முதலாளியிடம் தெரிவித்தும் விட வேண்டும். அந்த ஏழு நாளையும் பிறந்த கையோடு எடுக்கச் சொல்லுங்கள், தூக்கமில்லாத வாரம் அதுதான்.