யூஎஸ்பி டிரைவர் பாதியில் நின்றால்: போர் பைப் மாதிரி ஏற்றுங்க

பல்லடம் பக்கம் போர்வெல்லுக்குள் மோட்டார் இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். பைப் மேல் பைப்பாக மாட்டி, கிளாம்ப் போட்டு இறக்குவார்கள். ஏழாவது பைப்பில் மரை பிடிக்கவில்லை என்றால் அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போக முடியாது, கடைசியாக மாட்டியதை முதலில் கழற்றி ஒவ்வொன்றாக ஏற்றியாக வேண்டும். லினக்ஸ் யூஎஸ்பி டிரைவரில், சாதனத்தை மாட்டியதும் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) கூப்பிடும் ப்ரோப் ஃபங்ஷனும் இதே கதைதான்.

ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டிக்கு நான் செய்த போர்டில், ஒரே யூஎஸ்பி ஒயரில் எடைமேடைக்குச் சீரியல், மணிக்கு ரிலே, குடோன் வெப்பத்துக்குச் சென்சார் என்று மூன்று வேலை. சென்சார் ஒயரை எலி கடித்ததும் என் டிரைவர் எடையையும் சேர்த்து நிறுத்திவிட்டது. கழற்றி மாட்டச் சொன்னேன், கழற்றியதுமே கம்ப்யூட்டர் உறைந்துபோனது. "ஏனுங்க, வெப்பம் தெரியாட்டிப் போவுது, எடை வேணுமில்லீங்க?" என்றார் மண்டிக்காரர். அவர் சொன்னதுதான் முதல் படி.

எது இல்லாவிட்டால் வேலையே இல்லை, எது இல்லாவிட்டாலும் ஓட்டலாம் என்று முதலில் பிரியுங்கள். சென்சார் வரவில்லையா, லாகில் ஒரு வரி எழுதிவிட்டு மேலே போங்கள். ஆனால் அது வரவில்லை என்பதைக் குறித்து வையுங்கள், இல்லாவிட்டால் பின்னால் டிஸ்கனெக்டில் (சாதனத்தைக் கழற்றும்போது ஓடும் ஃபங்ஷன்) பதிவே ஆகாததை நீக்கப் போவீர்கள்.

அடுத்து வரிசை. மெமரி, இரண்டாவது இன்டர்ஃபேஸ் (ஒரே சாதனத்துக்குள் தனி வேலைக்கான பகுதி), யூஆர்பி (தரவை அனுப்ப, வாங்கக் கெர்னலிடம் தரும் கோரிக்கை), கடைசியாகத்தான் சீரியல் போர்ட்டைப் பதிவு செய்வது. பதிவு செய்த நொடியிலேயே யாராவது அதைத் திறக்கலாம், அதனால் அது கடைசி. நடுவில் தவறினால் கோட்டூ (குறித்த வரிக்குத் தாவும் கட்டளை) போட்டு இங்கே வாருங்கள்:

வெளியே_யூஆர்பி: ஓட்டத்தை நிறுத்து, யூஆர்பியை விடு
வெளியே_இன்டர்ஃபேஸ்: இரண்டாவதை விடு
வெளியே_மெமரி: மெமரியை விடு, பிழை எண்ணைத் திருப்பு

ப்ரோப் பிழையோடு திரும்பினால் அந்த இன்டர்ஃபேஸுக்குக் கெர்னல் டிஸ்கனெக்டைக் கூப்பிடாது. டிஸ்கனெக்டில் எல்லாம் துடைத்து வைத்திருக்கிறேனே என்று நானும் நம்பியிருந்தேன். மெமரியை விடுவித்துவிட்டேன், யூஆர்பி உயிரோடு இருந்தது; ஒயரைப் பிடுங்கியதும் கெர்னல் அதை முடித்துவைக்க, அதன் ஹேண்ட்லர் (யூஆர்பி முடிந்ததும் ஓடும் ஃபங்ஷன்), இல்லாத மெமரியைத் தொட்டது. அதனால் நிறுத்தும்போது ஹேண்ட்லர் முடியும்வரை காத்திருக்கும் 'கில்' வகையையே பயன்படுத்துங்கள். அது தூங்கக்கூடியது, ஆகவே தூங்கவே கூடாத இன்டரப்டுக்குள்ளிருந்து (வன்பொருள் குறுக்கிடும்போது ஓடும் கோடு) கூப்பிடாதீர்கள்.

இன்னொரு குழி: நீங்கள் உரிமை கொண்டாடிய இரண்டாவது இன்டர்ஃபேஸை விடும்போது, உங்கள் டிஸ்கனெக்டே அதற்காக ஓடும். விடுவதற்கு முன் அதன் டேட்டா பாயின்டரை (உங்கள் மெமரியைக் காட்டுவது) NULL, அதாவது வெறுமை ஆக்குங்கள், டிஸ்கனெக்டின் முதல் வரியில் அது NULL-ஆ என்று பார்த்து, ஆம் என்றால் உடனே திரும்புங்கள். இல்லாவிட்டால் ஒரே மெமரியை இரண்டு தடவை விடுவீர்கள்.

பிழை எண்ணிலும் கவனம். எல்லாவற்றுக்கும் -19 திருப்பினால், 'இது என் சாதனம் இல்லை' என்று எடுத்துக்கொண்டு கெர்னல் சாதாரண லாகில் சத்தமே போடாது. மெமரி கிடைக்காததற்கு -12 என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

சரி, சோதிப்பது எப்படி? ஒவ்வொரு படிக்கும் பிறகு வேண்டுமென்றே ஒரு பொய்ப் பிழையைப் போட்டு, கம்பைல் செய்து, மாட்டி, கழற்றி, கேமெம்லீக்கில் (விடாமல் போன மெமரியைக் கண்டுபிடிக்கும் கெர்னல் கருவி) ஏதாவது ஒழுகுகிறதா என்று பாருங்கள். அலுப்பான வேலைதான், ஒரு மதியம் போய்விடும். அப்புறம் சென்சார் ஒயரைக் கையால் பிடுங்கிவிட்டு, மேடையில் ஒரு மூட்டையை வைத்து எடை வருகிறதா என்று பாருங்கள்.