அமெரிக்க மாநிலங்களில் பழமைவாத அரசியல்: ஆதரவு அறிவிப்புகளைப் படித்தறியும் முறை

நம் மலேசிய நாட்டில் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு யார் வேட்பாளர் என்பதைக் கட்சித் தலைமை முடிவு செய்கிறது. தலைவர் கையொப்பமிட்ட அதிகாரக் கடிதம் யார் கையில் இருக்கிறதோ அவரே வேட்புமனுத் தாக்கல் நாளன்று கட்சிச் சின்னத்தோடு களமிறங்க முடியும். அந்தக் கடிதம் கிடைக்காதவர் மனம் வெதும்பி வீட்டுக்குப் போகலாம், சுயேச்சையாக நிற்கலாம், அல்லது தேர்தல் வேலைகளில் கைகட்டி நின்று தன் கசப்பைத் தீர்த்துக்கொள்ளலாம். வேட்பாளரை மாற்ற முடியாது. இந்தப் பழக்கத்தோடு அமெரிக்கச் செய்திகளைப் படிக்கும்போதுதான் நமக்குக் குழப்பம் வருகிறது.

1972-இல் இன்டெல் ஆலை திறக்கப்பட்ட நாளிலிருந்து பினாங்கின் பாயான் லெப்பாஸ் வட்டாரம் அமெரிக்க நிறுவனங்களோடு பிணைந்தே வளர்ந்திருக்கிறது. ஆகவே அமெரிக்கத் தேர்தல் எங்கள் தேநீர்ப் பேச்சில் இடம்பெறுவதில் வியப்பில்லை. 2022-இல் ஜார்ஜியா மாநில முடிவு வந்த சில நாள்களில் என்னோடு பணியாற்றும் தம்பி ஒருவர், "அண்ணே, டிரம்ப் சொன்னா அந்தக் கட்சியே கேட்குதுன்னு சொல்றீங்க. அப்புறம் அவர் கைகாட்டின ஆளு எப்படி இவ்வளவு மோசமா தோத்தாரு?" என்று கேட்டார். அன்று நான் சொன்ன பதில் அரைகுறையானது. அதன்பின் டிரம்பின் குடியரசுக் கட்சியின் மாநிலத் தேர்தல்களையும், 'இவருக்கு வாக்களியுங்கள்' என்று தலைவர்கள் வெளியிடும் ஆதரவு அறிவிப்புகளையும் தொடர்ந்து கவனித்து, எந்த வரிசையில் எதைப் பார்த்தால் விடை தெளிவாகிறது என்று கண்டறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்ள வேண்டும். பினாங்கில் ஆளுநர் என்றால் மாநிலத்தின் சடங்குமுறைத் தலைவர். ஆட்சி நடத்துபவர் முதலமைச்சர். அமெரிக்க மாநிலத்தின் ஆளுநரோ மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஆட்சி நடத்தி, சட்டங்களில் கையொப்பமிட்டு, வேண்டாதவற்றை மறுத்துத் திருப்பியனுப்பும் அதிகாரம் கொண்டவர். அந்த மாநிலங்களின் கையில் உள்ள துறைகளும் நம் மாநிலங்களுடையவற்றைவிட மிக அதிகம். பள்ளிக்கல்வி, தேர்தல் நடைமுறை, குற்றவியல் சட்டம், 2022 ஜூன் மாத உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் கருக்கலைப்புச் சட்டம் ஆகியவற்றை மாநிலத் தலைநகரங்களே முடிவு செய்கின்றன. பழமைவாதிகள் எதற்காகத் தங்களுக்குள்ளேயே மோதிக்கொள்கிறார்கள் என்பது வாஷிங்டனைவிட அங்கேதான் தெளிவாகத் தெரியும்.

அடுத்ததாக, அந்த மாநிலத்தின் உட்கட்சித் தேர்தல் விதியைத் தேடிப் படியுங்கள். முதன்மைத் தேர்தல் எனப்படும் இந்த வாக்களிப்பில் கட்சி வேட்பாளரைச் சாதாரண வாக்காளர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகின்றன. ஜார்ஜியாவிலும் டெக்சஸிலும் வாக்காளர் பதிவில் கட்சி குறிக்கப்படுவதில்லை என்பதால், விரும்பியவர் எவரும் குடியரசுக் கட்சியின் வாக்குச்சீட்டைக் கேட்டு வாங்கலாம். எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் முதல் இருவருக்கிடையே இரண்டாம் சுற்று நடக்கும். ஒஹாயோவில் இரண்டாம் சுற்று கிடையாது. அங்கே 2022 மே 3 அன்று ஜே.டி. வான்ஸ் ஏறத்தாழ 32 விழுக்காட்டு வாக்குகளோடு, அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டுக்குக் கட்சி வேட்பாளரானார். டிரம்ப் அவரை ஆதரித்தது வாக்களிப்புக்கு 18 நாள்களுக்கு முன்புதான். போட்டியாளர்கள் பலராக இருந்து வாக்குகள் சிதறும் களத்தில் சில விழுக்காட்டைத் திருப்பிவிடும் ஒரு ஆதரவே வெற்றியைத் தீர்மானித்துவிடும். இருவர் நேருக்கு நேர் மோதும் களத்தில் அதே ஆதரவு போதாமல் போகலாம். இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு "அவர் ஆதரித்தவர் வென்றார்" என்று எண்ணிக்கை போடுவது பயனற்ற வேலை என்பது என் கருத்து. அதிலும் வெல்வது உறுதியாகிவிட்டவர்களுக்குக் கொடுக்கப்படும் ஆதரவுகள் ஏராளம்; அவற்றைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள். 2022 மிசூரி செனட் தேர்தலில், வாக்களிப்புக்கு முந்தைய நாள், எரிக் என்ற பெயருடைய ஒன்றுக்கு மேற்பட்டோர் களத்தில் இருந்தபோது டிரம்ப் "எரிக்" என்று மட்டும் சொல்லி ஆதரவு தெரிவித்தார். அதை எந்தப் பட்டியலில் சேர்த்தாலும் பயனில்லை.

இனி ஆதரவு அறிவிப்பைப் படிக்கும் முறை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான்கு பத்திகள் போட்டுக்கொள்வது என் வழக்கம்: யார் ஆதரித்தார், எப்போது, யாருக்கு எதிராக, சொல்லோடு சேர்ந்து வேறு என்ன வந்தது. நான்காவது பத்திதான் மிக முக்கியமானது. வெறும் அறிக்கை வந்ததா, பணம் வந்ததா, நேரில் வந்து மேடையேறினாரா, வாக்காளர்களைச் சாவடிக்கு அழைத்துவரும் ஆள்பலம் வந்ததா என்பதைத் தனித்தனியே குறித்துக்கொள்ள வேண்டும்.

தம்பி கேட்ட ஜார்ஜியாவையே இந்த நான்கு பத்திகளில் நிரப்பிப் பார்ப்போம். 2020 அதிபர் தேர்தல் முடிவை மாற்ற உதவவில்லை என்பதால் ஆளுநர் பிரையன் கெம்ப்மீது டிரம்ப் கடும் கோபத்தில் இருந்தார். முன்னாள் செனட்டர் டேவிட் பெர்டியூவைக் கெம்புக்கு எதிராக நிறுத்தி, மேடையேறி, தன் அமைப்பிலிருந்து 2.5 மில்லியன் டாலருக்கு மேல் கொடுத்தார். ஆக நான்காவது பத்தி காலியாக இல்லை. எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். கட்சியின் ஆளுநர்கள் சங்கம் கெம்புக்காகப் பணம் செலவிட்டது. முன்னாள் துணை அதிபர் மைக் பென்ஸ் வாக்களிப்புக்கு முந்தைய நாள் கெம்போடு மேடையில் நின்றார். இவையெல்லாவற்றையும்விடப் பெரியது, பதவியில் இருப்பவருக்குக் கையில் கோப்பு இருக்கிறது என்பது. 2022 மார்ச்சில் பெட்ரோல் வரியை நிறுத்திவைக்கும் சட்டத்திலும், ஏப்ரலில் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்துச் செல்ல அனுமதிக்கும் சட்டத்திலும் கெம்ப் கையொப்பமிட்டார். அதற்கு முந்தைய ஆண்டே வாக்களிப்பு நடைமுறையை இறுக்கும் சட்டத்தை நிறைவேற்றியிருந்தார். பழமைவாத வாக்காளர் எதையெல்லாம் கேட்டாரோ அதையெல்லாம் அவர் செய்து முடித்திருந்ததால், பெர்டியூவிடம் 2020-ஐப் பற்றிய புகாரைத் தவிர வேறு சரக்கு மிஞ்சவில்லை. மே 24 அன்று கெம்புக்கு ஏறத்தாழ 74 விழுக்காடு, பெர்டியூவுக்கு ஏறத்தாழ 22 விழுக்காடு. தலைவர்மீது கொண்ட பற்று ஒரு பக்கம், தன் ஆளுநர்மீது கொண்ட நிறைவு மறுபக்கம் என்று ஒரே வாக்காளர் இரண்டையும் மனத்தில் வைத்துக்கொள்ள முடியும் என்பதுதான் தம்பிக்கு நான் அன்றே சொல்லியிருக்க வேண்டிய பதில்.

ஆதரவு ஓர் ஆயுதமாகவும் பயன்படுவதை அறிய டெக்சஸைப் பார்க்க வேண்டும். தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசுப் பணம் தரும் திட்டத்தை ஆளுநர் கிரெக் அபட் முன்வைத்தார். 2023 நவம்பரில் மாநிலச் சட்டமன்றக் கீழவையில் அவருடைய கட்சியைச் சேர்ந்த 21 பேரே ஜனநாயகக் கட்சியினரோடு சேர்ந்து அதைத் தோற்கடித்தார்கள். அந்த 21 பேரில் பலர் சிற்றூர்ப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். அங்கே அரசுப் பள்ளியே ஊரின் பெரிய வேலைவாய்ப்பு. தனியார் பள்ளிகள் அருகில் இல்லை. அவர்களும் பழமைவாதிகளே. நம் நாட்டில் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் போன்ற ஒன்று அமெரிக்காவில் கிடையாது. கட்சித் தலைமை நினைத்தால் அடுத்த முறை அதிகாரக் கடிதத்தை மறுப்பது என்பதும் இல்லை. ஆகவே அபட்டிடம் இருந்த ஒரே வழி முதன்மைத் தேர்தல். தன் கட்சி உறுப்பினர்களுக்கு எதிராகவே புதியவர்களை ஆதரித்து, ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஜெஃப் யாஸ் என்ற செல்வந்தர் ஒருவரே அவருக்கு 6 மில்லியன் டாலர் கொடுத்திருந்தார். 2024 மார்ச்சிலும் மே மாத இரண்டாம் சுற்றிலும் எதிர்த்தவர்கள் பலர் பதவியிழந்தார்கள். 2025 மே 3 அன்று அபட் அந்தத் திட்டத்தைச் சட்டமாக்கிக் கையொப்பமிட்டார். இங்கே ஆதரவு அறிவிப்பு செய்த வேலை, நம் ஊரில் கொறடாவும் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவும் செய்யும் வேலை.

அதே 2024 தேர்தலில், அதே மாநிலத்தில், மாறான ஒன்றும் நடந்தது. மாநிலத் தலைமை வழக்கறிஞர் கென் பாக்ஸ்டனைப் பதவிநீக்கும் தீர்மானத்தை 2023 மே மாதம் 121-க்கு 23 என்ற கணக்கில் நிறைவேற்றிய மாநிலக் கீழவையின் தலைவர் டேட் ஃபீலன். செப்டம்பரில் மாநில செனட் பாக்ஸ்டனை விடுவித்தது. பழி தீர்க்கும் முனைப்பில் டிரம்ப், துணை ஆளுநர் டான் பேட்ரிக், பாக்ஸ்டன் மூவரும் ஃபீலனின் எதிராளியை ஆதரித்தார்கள். முதல் சுற்றில் இரண்டாமிடத்துக்குத் தள்ளப்பட்ட ஃபீலன், இரண்டாம் சுற்றில் 400-க்கும் குறைவான வாக்குகளில் தப்பினார். கதை அதோடு முடிந்தது என்று புத்தகத்தை மூடியிருந்தால் தவறாகப் படித்திருப்போம். தொகுதியைக் காத்தவரால் அவைத்தலைவர் நாற்காலியைக் காக்க முடியவில்லை. 2024 டிசம்பரில் அவர் போட்டியிலிருந்து விலகினார். பின்னர் 2025 ஜனவரியில் டஸ்டின் பரோஸ் அவைத்தலைவரானபோது, அவருக்கு விழுந்த 85 வாக்குகளில் 49 ஜனநாயகக் கட்சியினருடையவை. ஒரு தேர்தலின் உண்மையான முடிவு சட்டமன்றம் கூடும் நாளில்தான் தெரியும் என்பதால், அந்தத் தேதியையும் நோட்டில் எழுதிவையுங்கள்.

கட்சி ஒற்றுமையை அளப்பதுதான் இந்த வேலையில் மிகக் கடினமானது. முதன்மைத் தேர்தல் முடிந்ததும் எல்லாரும் ஒற்றுமை என்ற சொல்லை உச்சரிப்பார்கள். அதைக் கேட்டு எழுதிக்கொள்வதில் பொருளில்லை. 1966-இல் கலிஃபோர்னியா ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டபோது, சக குடியரசுக் கட்சிக்காரரைப் பழித்துப் பேசக்கூடாது என்ற மாநிலக் கட்சித் தலைவரின் விதியை ரொனால்ட் ரீகன் பெரிதாகப் போற்றினார். அவரே 1976-இல் பதவியில் இருந்த தம் கட்சி அதிபர் ஃபோர்டை எதிர்த்து மாநாடு வரை மோதினார். தோற்றவர் என்ன செய்கிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

யூட்டா மாநிலத்தில் 2024 ஏப்ரல் மாதக் கட்சி மாநாட்டில் ஆளுநர் ஸ்பென்சர் காக்ஸை விட்டுவிட்டுப் பேராளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஃபில் லைமனை ஆதரித்தார்கள். கையொப்பம் திரட்டியும் வாக்குச்சீட்டில் இடம்பெறலாம் என்ற வழியிருந்ததால் காக்ஸ் ஜூன் மாதம் சாதாரண வாக்காளர்களிடம் போய் வென்றார். லைமன் அடங்கவில்லை, நவம்பரில் வாக்காளர்கள் தம் பெயரைக் கையால் எழுத வேண்டும் என்று கேட்டுத் தொடர்ந்து போட்டியிட்டார். தோற்றவர் மீண்டும் வாக்குச்சீட்டில் ஏறுவதைப் பெரும்பாலான மாநிலச் சட்டங்கள் தடுக்கின்றன. பெயரை எழுதும் வழி மட்டும் பல இடங்களில் திறந்திருக்கிறது.

அலாஸ்காவில் ஒற்றுமையை எண்ணியே பார்க்கலாம், ஏனெனில் அங்கே வாக்காளர் தம் விருப்பத்தை 1, 2, 3 என்று வரிசைப்படுத்துகிறார். அமெரிக்க நாடாளுமன்றக் கீழவைக்கான 2022 ஆகஸ்டு மாத இடைத்தேர்தலில் சாரா பேலின், நிக் பெகிச் என்ற இரு குடியரசுக் கட்சிக்காரர்கள் மோதினார்கள். பின்தங்கிய பெகிச் நீக்கப்பட்டு அவருடைய வாக்குகள் அடுத்த விருப்பத்துக்கு மாற்றப்பட்டபோது, அவருடைய வாக்காளர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் மட்டுமே பேலினை இரண்டாவதாகக் குறித்திருந்தார்கள். கால்பங்குக்கு மேற்பட்டோர் ஜனநாயகக் கட்சியின் மேரி பெல்டோலாவைக் குறித்திருந்தார்கள். பெல்டோலா வென்றார். அந்தப் பாடம் 2024-இல் பயன்பட்டது. டிரம்பின் ஆதரவைப் பெற்றிருந்த துணை ஆளுநர் நான்சி டால்ஸ்ட்ரம் முதன்மைத் தேர்தலில் மூன்றாமிடம் வந்ததும் சில நாள்களிலேயே விலகி, பெகிச்சுக்கு வழிவிட்டார். நவம்பரில் பெகிச் அந்த இடத்தைக் கைப்பற்றினார். என் நோட்டில் ஒற்றுமை என்று நான் எழுதிவைத்திருப்பவற்றுள் இதுவே ஐயத்துக்கிடமற்றது.

ஜார்ஜியாவில் அது இவ்வளவு துலக்கமாக இல்லை. பெர்டியூ அன்றிரவே தோல்வியை ஏற்று, கெம்பை ஆதரிப்பதாகச் சொன்னார். நவம்பரில் கெம்ப் சுலபமாக வென்றார். ஆனால் ஒரே வாக்குச்சீட்டில் இருந்த, டிரம்ப் ஆதரித்த செனட் வேட்பாளர் ஹெர்ஷல் வாக்கர், கெம்பைவிட ஏறத்தாழ 2 லட்சம் வாக்குகள் குறைவாகப் பெற்று, டிசம்பர் மாத இரண்டாம் சுற்றில் தோற்றார். தலைவர்கள் கைகுலுக்கிக்கொண்டாலும் வாக்காளர் கை எங்கே நின்றது என்பதை இந்த இடைவெளி காட்டுகிறது. எனவே ஒரே கட்சியின் இரு வேட்பாளர்களுக்கு மாவட்ட வாரியாகக் கிடைத்த வாக்குகளை அடுத்தடுத்து எழுதி ஒப்பிடுங்கள். மாநிலத் தேர்தல் அலுவலகத்தின் அதிகாரபூர்வத் தளத்திலேயே அவை கிடைக்கும்.

நேரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மே மாதத்தில் ஜார்ஜியா சாவடிகள் மாலை 7 மணிக்கு மூடும்போது நமக்கு மறுநாள் காலை 7 மணி; நவம்பரில் அது காலை 8 மணி. டெக்சஸின் மார்ச் தொடக்கத் தேர்தலில் பெரும்பகுதி நமக்குக் காலை 9 மணிக்கு மூடும், மேற்கு முனையிலுள்ள எல் பாசோ மட்டும் ஒரு மணி நேரம் பின்தங்கும். அலாஸ்காவின் ஆகஸ்டு முடிவுகளை நண்பகலுக்கு முன் தேட வேண்டாம். முதலில் வெளியாகும் எண்கள் பெரும்பாலும் முன்கூட்டியே போடப்பட்ட வாக்குகள் என்பதால், மதிய உணவு இடைவேளை வரை எதையும் முடிவாக எழுதாதீர்கள். தோற்றவரின் உரை வந்ததும் அதன் நேரத்தையும், எதிராளியின் பெயரை அவர் சொன்னாரா என்பதையும் குறித்துக்கொண்டு பக்கத்தைத் திருப்புங்கள்.