ஸ்போர்ட்ஸ் பைக்கில் நெடுந்தூரமா? முதலில் மணிக்கட்டைக் கவனியுங்கள்

குனிந்து ஓட்டும் ஸ்போர்ட்ஸ் பைக்கில் சென்னையிலிருந்து திருச்சி வரை, ஏறத்தாழ 330 கிலோமீட்டர், போய்ப் பார்த்தேன். எனக்கு முதலில் வலித்தது முதுகு இல்லை, மணிக்கட்டுதான். உடம்பின் பாரத்தைக் கைகள் தாங்குவதால் வரும் வலி அது.

காசே செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. இரண்டு முழங்கால்களாலும் டேங்கை இறுக்கிப் பிடியுங்கள். வயிற்றுத் தசையால் உடம்பைத் தாங்குங்கள். முழங்கை லேசாக மடங்கியே இருக்கட்டும். கால் வழுக்கினால் டேங்கின் பக்கவாட்டில் ரப்பர் கிரிப் ஒட்டலாம். மிகவும் உதவும்.

அப்புறம், பிரேக், கிளட்ச் லீவர்களின் சாய்வைப் பாருங்கள். விரல்களை நீட்டி அவற்றின் மேல் வைக்கும்போது முன்கையும் விரல்களும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் லீவரை ஹேண்டில்பாரோடு பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்திச் சரிசெய்து, மறக்காமல் முறுக்கிவிடுங்கள்.

ஹேண்டில்பாரை உயர்த்தும் ரைசர் போடுவதென்றால் அவசரம் வேண்டாம். போட்டதும் இரு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள். பிரேக் ஹோஸ் (பிரேக் ஆயில் போகும் குழாய்), கேபிள் எதுவும் இழுபடக் கூடாது. கை டேங்கில் இடிக்கவும் கூடாது. இதில் மட்டும் சமரசமே வேண்டாம்.

சீட் கடினமாக இருந்தால் ஜெல் அல்லது காற்று குஷன் போதும். காதுக்கு இயர் பிளக் வையுங்கள், காற்றிரைச்சலும் அசதியைத் தருகிறது. மணிக்கு ஒருமுறை நிறுத்தி, இறங்கி, நாலு எட்டு நடங்கள்.